ஐந்தே முக்கால் மழை

திருடிக்கொண்டு போனாள் என்கிறார்களே, எதைத் திருடினாள்? அவள் வீட்டில் விட்டுப்போன அந்தக் கேசட்டை வயர்மேன் எடுத்துவந்து, இன்றைக்கும் வானொலி நிலையத்தில் தன் மேஜை இழுப்பறையில்தான் வைத்திருக்கிறார். வேண்டுமானால் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். மெஷினில் போட்டால் ஒரு சொல் வராது. ஓட்டின் மேல் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல், முதலிலிருந்து கடைசி வரை, அவ்வளவுதான். இதைத் திருடி எந்தச் சந்தையில் விற்பது?

பெற்ற தாயை அம்போவென்று விட்டுவிட்டுப் போனாள் என்பது அடுத்த பழி. தாய் கண்ணை மூடி ஒன்பது நாள் கழித்துத்தான் அவள் படி இறங்கினாள். அன்றைக்கு அந்த வீட்டில் மிச்சம் இருந்தவை இரண்டு நாற்காலி, ஒரு கட்டில், ஒரு ரேடியோ. இதில் யாரை அம்போவென்று விட்டாளாம்? கட்டிலையா?

மூன்றாவது, பேய் பிடித்தவள் என்பது. சுட்டெரிக்கிற வெயிலில் குடையை விரித்துக்கொண்டு போகிறவளை வேறு எப்படிச் சொல்ல என்று கேட்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, தெரியும். ஆனால் இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லவும் முடியாது. பேய் என்று ஒன்று இருந்தாலும் அது அவளைப் பிடிக்கவில்லை. இந்த ஊரைப் பிடித்திருந்தது. தினமும் மாலை ஐந்தே முக்காலுக்கு, இருபத்திரண்டு வருஷம்.

நிலையம் வருவதற்கு முன்னால் ஊரில் மூன்று நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மில் சங்குக்கு ஒரு நேரம், பஸ் நிலையத்துக் கடிகாரத்துக்கு ஒரு நேரம், பள்ளிக்கூடத்து மணிக்கு ஒரு நேரம். மூன்றும் மாமியார் மருமகள் நாத்தனார் மாதிரி, ஒன்றோடொன்று ஒத்துப்போனதே இல்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவர் அவளுடைய அப்பா. மணிக்காரர் என்பார்கள். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைவிடத் தன் வயிற்றை அதிகம் நம்புகிற மனிதர். வீட்டில் காலைச் சாப்பாடு குறைந்துபோன நாளில் பிள்ளைகளுக்கு மத்தியான மணி சீக்கிரம் அடித்துவிடும்.

மூடிப்போன ஐஸ் ஃபாக்டரியின் மாடியில் இரண்டு அறை எடுத்து நிலையத்தைத் தொடங்கினார்கள். சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டினார்கள், சத்தம் எதிரொலிக்கக் கூடாதாம். கதவின் உள்பக்கம் பழைய கம்பளி. மொட்டை மாடியில் தண்ணீர்க் குழாய்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகி ஒரு கம்பம். ஆட்கள் மூன்றே பேர். எதைக் கேட்டாலும் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்கிற மேனேஜர். மெஷின்களுக்கு ஒரு வயர்மேன். பேசுவதற்கு அவள். பேச வந்த மற்றவர்கள் எல்லாம் தேர்வு நாளில் மேடை ஏறியவர்கள் மாதிரி முழங்கினார்களாம். இவள் மட்டும் பஸ் நேரத்தைப் படித்தபோது, வாசலில் பஸ் வந்து நிற்கிற மாதிரி இருந்தது என்று வயர்மேன் சொல்வார்.

காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும், கால் மணிக்கு ஒரு தரம் நேரம் சொல்ல வேண்டும். “நேரம், காலை ஏழு மணி பதினைந்து நிமிடம்.” அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரலில் ஓர் ஈரம் இருந்தது. அடுப்படியில் நிற்கிற பெண்ணுக்குப் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துச் சொல்கிற மாதிரி இருக்கும். ஆறே மாதத்தில் மில் சங்கும் பஸ் கடிகாரமும் அவள் பின்னால் நடக்கத் தொடங்கின. அவளுடைய சொந்தப் பெயரை ஊர் மறந்தது. நேரக்காரி ஆகிவிட்டாள்.

“ஊருக்கு நேரம் சொன்னவன் நான்,” என்று மணிக்காரர் வீட்டில் பொருமுவார். “இப்ப என் மணியையே இவ சொல்லித்தான் அடிக்க வேண்டியிருக்கு.”

“அப்படியாவது பிள்ளைங்க முழுப் பாடமும் படிக்கட்டும்,” என்பாள் அம்மா.

ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்தாள். மேனேஜரே மைக்கில் உட்கார்ந்து நேரம் சொன்னார். ஒருத்தரும் நம்பவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாடிப்படி ஏறி வந்து சண்டை போட்டார்கள்.

“உனக்குச் சளி பிடிச்சா ஊருக்கே சளி பிடிக்குதும்மா,” என்றார் மேனேஜர். “எல்லா நேரத்தையும் கேசட்டுல சொல்லி வச்சிடு. யாரு இருந்தாலும் எடுத்துப் போட்டுக்கலாம்.”

ஆறிலிருந்து ஒன்பது வரை அறுபத்தொரு நேரம். அதனால் அறுபத்தொரு கேசட். ஒவ்வொன்றின் முதுகிலும் எண் எழுதி ஒட்டி, மர அலமாரியில் வரிசையாக நிறுத்தினார் வயர்மேன். ஒரே நாளில் பதிந்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் குரல் மாறிவிடும். அவள் காலையிலேயே உட்கார்ந்தாள். மைக் போட்டால் ஃபேனை நிறுத்திவிட வேண்டும், அதனால் முதுகில் வேர்வை ஓடியது. மத்தியானத்துக்கு மேல் வெளியே மேகம் திரண்டது. உள்ளே ஜன்னல் இல்லாத அறையில் அவளுக்கு அது தெரியாது.

பதிவு நடக்கிறது என்று காட்ட, வாசலுக்கு மேல் ஒரு சிவப்பு பல்பு உண்டு. அது போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

நாற்பத்தெட்டாவது கேசட். “நேரம், மாலை ஐந்து மணி நாற்பத்தைந்து நிமிடம்.” சொல்லி முடித்து, மெஷினை நிறுத்தக் கை நீட்டுகிறாள். பின்னால் கதவு கிறீச்சிட்டது. கடைசி மணியை அடித்துவிட்டு, கையில் குடையோடு வந்த மணிக்காரர் தலையை உள்ளே நீட்டிக் கூப்பிட்டார்.

“அம்மாடி, மழை வருது, வா.”

அவள் மெஷினை அமுக்கி நிறுத்திவிட்டுத் திரும்பினாள். “அப்பா! உள்ளுக்கு ரெக்கார்டு ஓடுது!”

“ஓடட்டும். மழை வருதுன்னு சொன்னது ஒரு குத்தமா?”

வயர்மேன் சிரித்தார். “விடுங்க. ஒரு மூச்சு சத்தம். பின்னாடியே பாட்டு வந்து அமுக்கிரும். யாரு கேக்கப் போறா?”

மிச்சம் பதின்மூன்று கேசட் இருந்தது. திரும்பப் பதிய யாருக்கும் பொறுமை இல்லை. அப்போது உண்மையில் மணி நாலரைகூட ஆகவில்லை. அதை யாரும் நினைத்துப் பார்க்கவும் இல்லை.

யாரு கேக்கப் போறா என்றார் அல்லவா? முதல் நாளே எதிர்வீட்டு இஸ்திரிக்காரி கேட்டாள். தெருத் துணி முழுக்க அவள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ரேடியோவில் அந்தக் குரல் வந்ததும் அடுப்புக் கரியைப் போட்டது போட்டபடி ஓடி, துணியை எல்லாம் அள்ளிப் போட்டாள். வானத்தைப் பார்த்தால் பளிச்சென்று வெயில்.

“உங்கப்பா இந்த வயசுல என்னை ஓட்டப் பந்தயம் விடுறாரு!” என்று வாசலில் நின்று நேரக்காரியிடம் கத்தினாள். ஆனால் மறுநாளும் எடுத்தாள். அதற்கு மறுநாளும். ஒரு மாதத்தில் தெருவில் எல்லாப் பெண்களும் அப்படியே. யாரும் காது கொடுத்துக் கேட்டுச் செய்யவில்லை. பேசிக்கொண்டே இருப்பார்கள், ரேடியோவில் அந்தக் கதவு கிறீச்சிடும், கை தானாகக் கொடிக்குப் போகும். பத்து நாளில் ஒரு நாள் மழையும் பெய்துவிடும். ஊர் அந்த ஒரு நாளைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

நேரக்காரிக்கு மட்டும் அது வேறு மாதிரி இருந்தது. கேசட் வந்த பிறகு அவளுக்கு மாலையில் வேலை இல்லை. முதல் நாள் தெருவில் இறங்கி நடந்தபோது, தையல் கடை ஜன்னலிலிருந்து அவளுடைய குரல் நேரம் சொன்னது. சலூனிலிருந்தும் மாவு மில்லிலிருந்தும் அதே குரல். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தாள். குரல் அவளுக்கு முன்னால் ஜன்னல் ஜன்னலாகப் போனது. காய்க்கடைக்காரர் ரேடியோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மிச்சச் சில்லறையைக் கையில் தராமல் பலகையில் வைத்தார்.

“அங்க பேசிட்டிருக்கே. இங்கயும் நிக்கிறே. இதுல எதும்மா நீ?”

சும்மா கேலிதான். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து தலையணையில் வாயை வைத்து, ஒரு தடவை சத்தமாக நேரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தன் குரல் தன்னிடம் இருக்கிறதா என்று தெரிய வேண்டியிருந்தது.

மூன்றாம் வருஷம் மணிக்காரர் இறந்துபோனார். பள்ளிக்கூட வராந்தாவில், மணிக்கயிறு கையில் இருக்கும்போதே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீடு நிறைய ஜனம். யாரோ ரேடியோவை நிறுத்த மறந்துவிட்டார்கள். அழுகைச் சத்தம் சற்று ஓய்ந்திருந்த ஒரு நேரம். மூலையிலிருந்து நேரக்காரியின் குரல் ஐந்து மணி நாற்பத்தைந்து நிமிடம் என்றது. கதவு கிறீச்சிட்டது.

“அம்மாடி, மழை வருது, வா.”

அவள் பாதி எழுந்துவிட்டாள். அவளுக்கே தெரியாமல் கால் எழுந்துவிட்டது. அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“உக்காருடி. அவரு கூப்பிட்டா உடனே போயிடணும்னு சட்டமா?”

வெளியே, சாவு வீட்டுக்கு எதிரே, இஸ்திரிக்காரி தன் கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்துக்கொண்டே அழுதாள்.

அந்தக் கேசட்டை மாற்றிவிடலாம் என்று மேனேஜர் தானாகவே சொன்னார். அன்றைக்கு ஒரு நாள்தான் அவர் வாயில் ‘நாளைக்கு’ வரவில்லை. சேதி கேட்டு அம்மாவே மாடிப்படி ஏறி வந்தாள்.

“அதுல கை வச்சீங்கன்னா இந்தப் படியிலயே உக்காந்துடுவேன். அவரு ஒரு போட்டோ எடுத்துக்கல. எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு வார்த்தைதான்.”

வைக்கவில்லை. தினமும் மாலையில் இறந்தவர் ஊரைக் கூப்பிட்டார், ஊர் துணி எடுத்தது. காலம் போனது.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். இவள் வாய் சும்மா இருக்க வேண்டி வந்தது. தொண்டையில் ஒரு கட்டி. அறுத்து எடுத்தார்கள். உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம்தான் மிஞ்சியது. அறிவிப்புப் படிக்க வேறு ஆளைப் போட்டார்கள். ஆனால் நேரத்துக்குக் குரல் அலமாரியில் இருக்கிறதே? அவளை அந்த அலமாரிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். காலையிலிருந்து மத்தியானம் வரை, கால் மணிக்கு ஒரு தரம் அவள் தன் குரலை எடுத்து மெஷினில் போடுவாள், முடிந்ததும் எடுத்து வைப்பாள். நேரக்காரியைப் பார்க்க வேண்டும் என்று வெளியூரிலிருந்து யாராவது வந்தால், அவளிடமே வந்து கேட்பார்கள்: “அவங்க எங்கம்மா?” அவள் அலமாரியைக் காட்டுவாள்.

இதுவரைக்கும் அவள் தாங்கிக்கொண்டாள். அம்மாவுக்குக் கண் போனதும் அவளுக்குத் தாங்கவில்லை.

சர்க்கரை வியாதியில் கண் முதலில் மங்கி, பிறகு அணைந்தே விட்டது. பின்னாலேயே ஞாபகமும் தேயத் தொடங்கியது. புருஷன் இறந்தது மறந்தது. மகளுக்குத் தொண்டை அறுத்தது மறந்தது. முகம் தெரியாது, குரல் ஒன்றுதான் அடையாளம். மகளின் குரலோ ரேடியோவில் இருந்தது. அப்படியென்றால், பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டுகிற தகரத்தொண்டை யார்? வீட்டு வேலைக்கு வைத்த பெண் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

“நீங்க நல்லா கவனிச்சுக்கிறீங்கம்மா,” என்பாள். பெற்ற மகளை நீங்க வாங்க என்று கூப்பிடுவாள். “தொண்டைதான் கொஞ்சம் தகரம். என் பொண்ணு குரலைக் கேட்டிருக்கீங்களா? தேன்.”

“நான்தாம்மா உன் பொண்ணு.”

“தமாஷ் பண்ணாதீங்க.”

அவள் அம்மாவின் விரலை எடுத்துத் தன் முழங்கைத் தழும்பில் வைத்தாள். ஆறு வயதில் பள்ளிக்கூடத்து மணி மேடையிலிருந்து விழுந்த தழும்பு.

“ஆமா, அவளுக்கும் இப்படி ஒண்ணு உண்டு,” என்றாள் அம்மா.

சின்ன வயதில் அம்மாவும் அவளும் அப்பாவுக்குத் தெரியாமல் செய்த காரியங்களைச் சொன்னாள். அம்மா சிரித்தாள். “பாருங்க, எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லியிருக்கா. வாயில ஒண்ணு தங்காது அவளுக்கு.”

தினமும் ஐந்தே முக்காலுக்கு ரேடியோவில் மணிக்காரர் கூப்பிடுவார். அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்வாள். “கூப்பிட்டுட்டாரு. ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க. கதவைத் திறந்து வைங்க. அந்த நாற்காலியில நீங்க உக்காராதீங்க, அது என் பொண்ணோடது.”

அவள் எழுந்து கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஓரமாக நிற்பாள். தெருவில் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் அம்மாவின் முகம் திரும்பும். ஆறு மணி ஆகும், ஆறேகால் ஆகும். “வரலையே,” என்று அம்மா அழத் தொடங்குவாள். வர வேண்டியவள் இரண்டு முழ தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள். காலையில் எல்லாம் மறந்துபோகும். மாலையில் மறுபடி முதலிலிருந்து. இப்படி ஒன்றரை வருஷம். பகை வீட்டுக்குக்கூட இது வேண்டாம்.

தாய் சாவதற்குள் ஒரு தடவை தன்னை அடி என்று கூப்பிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஒரு விடுமுறை நாளில் நிலையத்துக்குப் போய் வயர்மேன் முன்னால் நாற்பத்தெட்டாவது கேசட்டை வைத்தாள்.

“அண்ணே, இதுல இருக்கிறதை அழிச்சிட்டு, இப்ப இருக்கிற குரல்ல நான் சொல்றேன்.”

வயர்மேனுக்குத் தலைமுடி நரைத்துப்போயிருந்தது. “இதுலயா? வேற எதுல வேணா சொல்லும்மா. இதுல உங்கப்பா இருக்காரு.”

“அம்மா காது குடுத்துக் கேக்கிறது இது ஒண்ணைத்தான்.”

“அழிச்சா போனது போனதுதான். திரும்ப வராது.”

“தெரியும்ணே.” அவள் கேசட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். “செத்தவரு கூப்பிடறாருன்னு உயிரோட இருக்கிறவ தினமும் அழறா. நான் எந்தப் பக்கம் நிக்கிறது, சொல்லுங்க.”

வயர்மேன் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார். புதிதாகச் சொல்லும்போதே பழையதை அந்த மெஷின் அழித்துக்கொண்டு போகும். அவள் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். கம்பளிக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

“நேரம், மாலை ஐந்து மணி நாற்பத்தைந்து நிமிடம்.”

தகரத்தில் ஆணி. பழைய கேசட்டில் அப்பா பேசி முடிக்கிற அளவு நேரம் சும்மா விட்டார் வயர்மேன், அதுவும் அழிய வேண்டுமே. பிறகு பின்னால் ஓட்டி, போட்டுக் கேட்டார்.

முதலில் அவளுடைய தகரக் குரல் வந்தது. அதற்கு அடியில், மணலுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற மாதிரி, அவளுடைய பழைய குரலும் அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு போனது. இரண்டு பேரும் ஒரே மூச்சில் முடித்தார்கள். கொஞ்சம் மௌனம். கதவு கிறீச்சிட்டது. முன்னைவிடத் தூரத்திலிருந்து, தெருக்கோடியில் நின்று கூப்பிடுகிற மாதிரி:

“அம்மாடி, மழை வருது, வா.”

வயர்மேன் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். “மெஷின் பழசும்மா. அழிக்கிற பாகம் தேஞ்சுபோச்சு. அடியில மிச்சம் நிக்குது. அவ்வளவுதான்.”

அவளுக்கு அவர் சொன்னது அது. மறுநாள் காலையில் தனியாக உட்கார்ந்து, அதே மெஷினில் வேறு நான்கு கேசட்டைப் போட்டு அழித்துப் பார்த்தார். நான்கும் சுத்தமாக அழிந்தன, துடைத்த பலகை மாதிரி. அதை அவர் வெகுநாள் வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

மாலையில் அம்மா வழக்கம்போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் குரல் வந்ததும் புருவம் சுருங்கியது.

“இது யாரு?” என்றாள். “ரெண்டு பேர் பேசுறாங்களே.”

கதவுச் சத்தம். தூரத்திலிருந்து அப்பா கூப்பிட்டார். அம்மா தலையைச் சாய்த்துக்கொண்டாள். தெருவில் கொடிக் கம்பிகள் ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“ஏம்மா,” என்றாள் கடைசியில். “அவரு கூப்பிட்டது உங்களையா?”

“ஆமாம்மா. என்னைத்தான்.”

“அவரு அம்மாடின்னு வேற யாரையும் கூப்பிட மாட்டாரே.” கை காற்றில் தேடியது. அவள் குனிந்து முகத்தைக் கொடுத்தாள். அம்மாவின் விரல் கன்னத்தில் இறங்கி, தொண்டைக்கு வந்து, அந்தத் தையல் தழும்பில் நின்றது. முகம் மாறியது.

“அடிப் பாவி! தொண்டைக்கு என்னடி ஆச்சு?”

அவள் அந்த விரலைத் தன் கையால் மூடிக்கொண்டாள்.

“நனைஞ்சியா? மழை வருது வா வான்னு மனுஷன் நாயா கத்துறாரு, அங்கயே உக்காந்து நேரம் சொல்லிட்டிருந்தியா? அதான் தொண்டை கட்டிக்கிச்சு. உக்காருடி உன் நாற்காலியில. தலையைத் துவட்டு.”

காய்ந்த தலையை அவள் துவட்டிக்கொண்டாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள், அழுதது கேட்டால் அம்மா பயப்படுவாளே என்று.

அந்த வீட்டுக்குள் அதன் பிறகு அழுகை இல்லை. ஒரு குறைதான். கூப்பிட்டவர் ஏன் கூட வரவில்லை?

“அவரும் நனைவாருல்ல. குடையை எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வா,” என்பாள் அம்மா. தினமும் ஐந்தே முக்காலுக்கு. குடை விரிகிற சத்தம் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் விட மாட்டாள். அதனால் அவள் வாசலிலேயே குடையை விரித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்து திரும்பி வருவாள்.

“எங்கடி?”

“வழியில யாரோடயோ பேசிட்டு நிக்கிறாரும்மா. வர்றேன்னாரு.”

“அவருக்கு வாய் கிடைச்சாப் போதும்,” என்று அம்மா நிம்மதியாகச் சாய்ந்துகொள்வாள்.

ஊர் இதைப் பார்த்தது. பார்த்த கண்ணுக்குக் காரணம் தெரியாது, நாக்குக்கு நரம்பு கிடையாது. ரேடியோவில் ஐந்தே முக்காலுக்கு மட்டும் ஏதோ கிழவி சேர்ந்து பேசுகிறாள் என்று நிலையத்துக்குப் புகார் போனது. வெயிலில் குடை பிடிக்கிறாள் என்று சிரித்தார்கள். இஸ்திரிக்காரி வாசலில் நின்று, “மழை பலமா?” என்று கேட்பாள். கேட்டுக்கொண்டே துணியை எடுத்துக்கொண்டிருப்பாள், அதுதான் வேடிக்கை. மேனேஜரிடம் புகார் சொன்னபோது, “நாளைக்குப் பார்க்கலாம்,” என்றார். அந்தச் சொல்லால் ஒரு நல்லது நடந்ததென்றால் அன்றைக்குத்தான்.

நான்கு மாதம் போனது. ஒரு மத்தியானம் சாப்பிட்ட பிறகு அம்மா கண்ணை மூடிப் படுத்தாள். மூன்று மணிக்கு அவள் எழுப்பப் போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது. கடைசியாகப் பேசியது என்ன என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. “கொஞ்சம் தள்ளிப் போடுடி,” என்றாளாம், தலையணையை.

அதே வாரம் நிலையத்துக்குப் புது மெஷின் வந்தது. நேரத்தை அதுவே சொல்லும், கேசட் வேண்டாம், ஆளும் வேண்டாம். எங்கேயோ ஒரு பெரிய ஊரில் யாரோ ஒரு பெண் பேசி அடைத்த குரல், சலவைக் கல் மாதிரி. அறுபத்தொரு கேசட்டையும் பெட்டியில் போடும்போது வயர்மேன் ஒன்றை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதுவரை ஒரு பொருளைக் கூட நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டு போகாதவர். நேராக அவள் வீட்டுக்கு வந்து கொடுத்தார்.

“நாளையிலேர்ந்து புதுசு ஓடும்,” என்றார். “இது உன்கிட்ட இருக்கட்டும்.”

“போட்டுக் கேக்க என்கிட்ட மெஷின் இல்லியே அண்ணே.”

“கேக்கணுமா என்ன?” என்றார். பிறகுதான், வாசல்படியில் நின்றுகொண்டு, அந்த நான்கு கேசட் கதையை அவளிடம் சொன்னார். அவள் கேசட்டைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள், அம்மா இறந்து ஒன்பதாம் நாள், வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. தார் உருகுகிற வெயில். ஐந்தே முக்காலுக்கு எல்லா வீட்டு ரேடியோவிலும் அந்தப் புதுப் பெண் நேரம் சொன்னாள். சொல்லி முடித்ததும் பாட்டு வந்துவிட்டது. இடையில் மௌனம் இல்லை, கதவுச் சத்தம் இல்லை, கூப்பிடுவார் இல்லை.

இஸ்திரிக்காரி கொடியிலிருந்து கடைசித் துணியை எடுத்துத் தோளில் போட்ட பிறகுதான் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். தெரு முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி கை நிறையத் துணியோடு நின்றுகொண்டிருந்தாள். கொடிகள் எல்லாம் காலி.

“யாருடி சொன்னா?” என்று அடுத்த வீட்டுக்காரியைக் கேட்டாள்.

அடுத்த வீட்டுக்காரி தெருவின் எதிர்ப்பக்கம் பார்த்தாள். எதிரே கதவு திறந்துகொண்டிருந்தது.

நேரக்காரி வெளியே வந்தாள். கையில் பெட்டி இல்லை, பை இல்லை. பின்னால் வீட்டுக்குள், அவளுடைய நாற்காலியில், அந்தக் கேசட் மட்டும் இருந்தது. திறந்த கதவு வழியாக எல்லோருக்கும் தெரிந்தது. குடையை விரித்தாள். இன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்க உள்ளே யாரும் இல்லை.

“மழை பலமா?” என்று கேட்க இஸ்திரிக்காரிக்கு வாய் வரவில்லை. “எங்கம்மா போறே?” என்றுதான் கேட்டாள்.

“அப்பா வெகுநேரமா நிக்கிறாருக்கா,” என்றது தகரத்தொண்டை.

வழக்கம்போலத் தெருமுனை வரை நடந்தாள். வழக்கம்போல அங்கே நின்றாள். ஆனால் திரும்பவில்லை. குடையைக் கொஞ்சம் வலப் பக்கம் சாய்த்து, பக்கத்தில் இன்னொருவர் நனையாமல் நடப்பதற்கு இடம் விட்டுப் பிடித்துக்கொண்டு, முனையைத் தாண்டிப் போனாள்.